மார்ஃபின் ஒட்டும் இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு தளம்: பிடிபி விமர்சனம்

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளையில் எப்படி வேலை செய்கின்றன என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பூட்டும் சாவியும்தான். செல்லின் மேல் மருந்து ஒட்டும் புரதமான ஏற்பி ஒரு பூட்டு, மார்ஃபின் ஒரு சாவி, அதன் முறிமருந்தான நாலாக்சோன் திறக்காத இன்னொரு சாவி, அவ்வளவுதான். இந்தப் பதிலில் திருப்தி இல்லாதவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். பிடிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புரதத் தரவு வங்கியின் இணையதளத்துக்குப் போங்கள். மார்ஃபின் போய் உட்காரும் அந்த ஏற்பியையே அணு அணுவாகத் திறந்து பார்க்கலாம், சுழற்றலாம், உள்ளே நுழைந்து எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் கேட்கலாம். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம்.

1971-இல் வெறும் 7 புரத அமைப்புகளோடு ஆரம்பித்த வங்கி இது. இன்றைக்கு அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டாலும் அதன் அணுக்களின் இருப்பிடங்களை இங்கே கொண்டுவந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. படங்களைக் காட்டும் கருவிக்கு மோல்ஸ்டார் என்று பெயர், அது உலாவிக்குள்ளேயே ஓடும். முகப்புப் பக்கம் முதல் தடவை பார்க்கிறவரைக் கொஞ்சம் மிரட்டும், ஏகப்பட்ட பட்டைகள், பொத்தான்கள், எண்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடும் பெட்டியில் குறியீட்டை மட்டும் போட்டு, ஸ்ட்ரக்சர் என்ற தாவலை அழுத்தினால் போதும்.

முதலில் போட வேண்டியது 4டிகேஎல் (ஆங்கிலத்தில் 4DKL என்று). 2012-இல் வெளியான இது மியூ ஓபியாய்டு ஏற்பியின் முதல் படிக அமைப்பு. மார்ஃபின், ஃபென்டனில், ஹெராயின் எல்லாம் வலியை அடக்குவதும், மயக்குவதும், மூச்சை நிறுத்துவதும் முக்கியமாக இந்த மியூ ஏற்பி வழியாகத்தான். பிரையன் கோபில்காவின் குழுவும் செபாஸ்தியன் கிரானியேவும் சேர்ந்து செய்த வேலை இது. அதே ஆண்டுதான் இந்த வகை ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸோடு கோபில்காவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. திறந்ததும் ஏழு சுருள்கள் செல்லின் சவ்வைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நிற்பது தெரியும். அதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு உருண்டைப் புரதமும் கீழே தொங்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஏற்பி தானாகப் படிகமாகாது என்பதால் அதன் உள்பக்க வளையம் ஒன்றை எடுத்துவிட்டு, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் லைசோசைம் நொதியை அங்கே ஒட்டவைத்திருக்கிறார்கள். மூளையில் அப்படி எதுவும் இல்லை. இதைப் படத்திலேயே பளிச்சென்று எழுதிவைத்திருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். இப்போதைக்கு அது விவரப் பக்கத்தில்தான் இருக்கிறது, தேடிப் படிக்க வேண்டும்.

சரி, இப்போது நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன மூலக்கூறைச் சொடுக்குங்கள். காட்சி தானாக உள்ளே நகர்ந்து போய், அதைச் சுற்றியிருக்கும் அமினோ அமிலங்களை மட்டும் குச்சி குச்சியாகக் காட்டும், பிணைப்புகளைப் புள்ளிக்கோடுகளாகப் போடும். இந்த இடத்துக்காகவே இந்தத் தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அந்த மூலக்கூறு பீட்டா-ஃபுனால்ட்ரெக்ஸமின், நால்ட்ரெக்ஸோனிலிருந்து உருவாக்கிய ஒரு தடுப்பு மருந்து. ஆனால் அதன் நடு எலும்புக்கூடு மார்ஃபினுடைய அதே வளையங்கள்தான், அதனால் மார்ஃபின் எப்படி உட்காரும் என்பதைப் புரிந்துகொள்ள இதுவே போதும். முதலில் நைட்ரஜனைத் தேடுங்கள், நீல நிறத்தில் இருக்கும். உடலுக்குள் அந்த நைட்ரஜன் நேர் மின்னேற்றத்தோடு இருக்கிறது. எதிரே மூன்றாம் சுருளிலிருந்து ஆஸ்பார்ட்டேட் 147 என்ற அமினோ அமிலம் (எண் புரதச் சங்கிலியில் அதன் வரிசை) தன் எதிர் மின்னேற்றத்தோடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா ஓபியாய்டுகளுக்கும் பொதுவான பிடி இது. மார்ஃபினோ ஃபென்டனிலோ மெத்தடோனோ, வடிவத்தில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் மின்னேற்றம் ஏற்கக்கூடிய ஒரு நைட்ரஜன் இருப்பது இதனால்தான்.

அப்புறம் மறுமுனைக்கு வாருங்கள். பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது, அது ஆறாம் சுருளின் ஹிஸ்டிடின் 297 பக்கம் பார்த்தபடி நிற்கிறது, ஆனால் நேரடியாகத் தொடவில்லை. நடுவில் இரண்டு நீர் மூலக்கூறுகள் நின்று இரண்டையும் இணைக்கின்றன. பாடப்புத்தகப் படத்தில் இந்த நீரைப் பார்க்கவே முடியாது. மூளை தானே சுரக்கும் என்கெஃபலின் பெப்டைடின் முதல் அமினோ அமிலம் டைரோசின், அதிலும் ஒரு ஓரத்தில் நைட்ரஜன், மறு ஓரத்தில் ஹைட்ராக்சில் உள்ள பென்சீன் வளையம். 2018-இல் வந்த 6டிடிஎஃப் என்ற அமைப்பில் டாம்கோ என்ற என்கெஃபலின் போன்ற பெப்டைடு இதே குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் இரண்டு தாவல்களில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு செடியின் பாலில் இருக்கும் மூலக்கூறு நம் மூளையின் சொந்தப் பெப்டைடுக்கான இடத்தில் எப்படிப் போய் அமர்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்கு இன்றும் இதைப் பார்க்க அலுக்கவில்லை.

இப்போது காட்சியைப் பரப்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டு, ஏற்பியைச் செல்லுக்கு வெளியிலிருந்து, அதாவது மேலிருந்து கீழே பாருங்கள். குழி அகலமாகத் திறந்து கிடக்கிறது, மருந்து ஆழத்தில் இருந்தாலும் மேலே மூடி எதுவும் இல்லை, வெளி நீருக்கு நேரடி வழி. ஒப்பிட்டுப் பார்க்க 4டிஏஜே என்பதைத் திறக்கலாம். இது எலியின் எம்3 மஸ்கரினிக் ஏற்பி, ஓபியாய்டு ஏற்பி இல்லை, உள்ளே நுரையீரல் அடைப்பு நோய்க்கு நாளுக்கு ஒரு தடவை உறிஞ்சும் டியோட்ரோப்பியம் இருக்கிறது. அங்கே மருந்துக்கு மேலே டைரோசின்கள் கவிந்து மூடியிருப்பதைப் பார்க்கலாம், உள்ளே போனது எளிதில் வெளியே வராது, அதனால்தான் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. மியூ ஏற்பியில் அந்தக் கவிப்பு இல்லை. ஓபியாய்டு மிகை அளவில் மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு நாலாக்சோன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறதே, அதற்கு மருந்து அந்தக் குழியை விட்டு அடிக்கடி வெளியே வந்து போகக்கூடியதாக இருப்பது முக்கியமான காரணம். நாலாக்சோன் யாரையும் இழுத்து வெளியே தள்ளுவதில்லை. ஃபென்டனில் தானாக விலகும் நொடியில் காலியான இடத்தை நாலாக்சோன் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பூட்டும் சாவியும் கதையில் இந்தப் போக்குவரத்து வரவே வராது. உயிர் காக்கும் மருந்து ஒன்று ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு திறந்த குழியின் வடிவத்திலிருந்து யூகிக்க முடிவது பெரிய விஷயம், மருந்தியல் வகுப்பெடுக்கிறவர்கள் இதை ஒரு தடவையாவது திரையில் காட்ட வேண்டும்.

பீட்டா-ஃபுனால்ட்ரெக்ஸமின் மட்டும் இந்த விதிக்கு விலக்கு. அது ஐந்தாம் சுருளின் லைசின் 233-ஓடு நிரந்தர வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும், போனால் திரும்பாது. படிகம் வளர்ப்பதற்கு அசையாத மருந்து தேவைப்பட்டதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். படத்தில் அந்தப் பிணைப்பு தெளிவாகவே தெரியும்.

அடுத்து 5சி1எம், 2015-இல் வந்தது, 2.1 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம். முந்தையது 2.8. எண் குறையக் குறையப் படம் துல்லியம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அணுக்களின் அளவே அந்த வாக்கில்தான். இதில் பியூ72 என்ற மிக வலுவான தூண்டும் மருந்து இருக்கிறது, ஏற்பி வேலை செய்யும் நிலையில் பிடிக்கப்பட்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் தூண்டும் மருந்துக்கும் தடுக்கும் மருந்துக்கும் குழியில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும் என்று தோன்றும், இல்லையா? இல்லை. குழியில் மாற்றம் மிகச் சிறியது. ஆனால் ஏற்பியின் அடிப்பக்கம், செல்லுக்கு உள்ளே, ஆறாம் சுருளின் முனை சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் வெளிப்புறமாக விலகியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-புரதம் வந்து பொருந்துகிறது. அதன் பிறகு கால்சியம் வாயில்கள் மூடுகின்றன, பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, நரம்பு செல் அடங்கிப் போகிறது. வலி கடத்தும் செல்லாக இருந்தால் வலி குறைகிறது, மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் செல்லாக இருந்தால் மூச்சு குறைகிறது. ஏற்பி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மூச்சை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்கும் ஓபியாய்டு கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது இங்கே உறைக்கும்.

மார்ஃபினையும் நாலாக்சோனையும் பிரிப்பதே நைட்ரஜனில் தொங்கும் ஒரு சின்ன வால்தான். மார்ஃபினில் மீத்தைல், நாலாக்சோனில் அல்லைல். (வேறு சில மாற்றங்களும் உண்டு, ஆனால் தூண்டுவதிலிருந்து தடுப்பதற்கு மாறுவது முக்கியமாக இந்த வாலால்.) இரண்டு மூன்று கார்பன் அணுக்கள் ஒரு மருந்தை அதன் முறிமருந்தாக மாற்றுகின்றன என்பதைப் படத்தோடு பார்க்கும்போதுதான் மனதில் நிற்கிறது.

நேரம் இருந்தால் இன்னொரு ஓபியாய்டு ஏற்பியான டெல்டாவின் 4இஜே4 பதிவையும் பாருங்கள், அதுவும் 2012. உள்ளே டெல்டாவைத் தடுக்கும் நால்ட்ரின்டோல் இருக்கும். குழியின் அடிப்பகுதி மியூவைப் போலவே, மேல்பகுதிதான் வேறு. மியூவில் பருத்த டிரிப்டோஃபேன் 318 இருக்கும் இடத்தில் டெல்டாவில் சின்ன லியூசின் 300. நால்ட்ரின்டோலின் இண்டோல் பாகம் அந்த லியூசின் விட்டுவைத்த இடத்தில் வசதியாக அமர்கிறது, மியூவில் அதற்கு இடமில்லை. ஒரு மருந்து ஒரு ஏற்பியை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்று புத்தகங்களில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

குறைகளுக்கு வருவோம். இவை தளத்தை நடத்துகிறவர்களின் குறைகள் இல்லை, இந்த வகைப் படங்களின் எல்லைகள், ஆனால் தெரியாமல் போனால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

பெரியது நேரம். திரையில் இருப்பது உறைந்த ஒரு கணம். உண்மையில் ஏற்பி சவ்வுக்குள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கிறது, மருந்து வருகிறது, போகிறது, எத்தனை நொடி தங்குகிறது என்பதைப் படம் சொல்லாது. பலத்தையும் சொல்லாது. ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது என்று சொல்வார்கள். 2022-இல் இரண்டுமே மனித மியூ ஏற்பியில் அமர்ந்த அமைப்புகள் மாதிரியைக் கடும் குளிரில் உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக வெளியாகின, பெயரைப் போட்டுத் தேடினாலே கிடைக்கும். பார்த்தால், ஃபென்டனிலில் அந்தப் பென்சீன் ஹைட்ராக்சிலே கிடையாது, ஹிஸ்டிடின் பக்கத்து நீர்ப் பிணைப்பு அதற்கு இல்லை. பதிலுக்கு மார்ஃபின் எட்டாத இரண்டாம், மூன்றாம் சுருள்களின் பக்கம் அது நீள்கிறது. சுவாரசியமான வேறுபாடுதான். ஆனால் 100 மடங்கை இதிலிருந்து கணக்குப் போட முடியாது. ஆய்வகத்தில் அளந்தால் இரண்டின் பிணைப்புப் பலமும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஃபென்டனில் கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் மிக வேகமாக நுழைந்துவிடும், வீரியத்தில் பெரும் பங்கு அங்கேதான். குழியை மட்டும் உற்றுப் பார்த்து மருந்தின் வீரியத்தை விளக்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாலாக்சோன் விஷயத்திலும் அப்படியே. அதன் விளைவு ஏறக்குறைய 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், உடலில் இருக்கும் ஓபியாய்டு அதற்குமேலும் தங்கினால் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால்தான் எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவ உதவி இல்லாமல் விடக் கூடாது என்கிறார்கள். எந்த அமைப்பைத் திறந்தாலும் இது தெரியாது.

இன்னொன்று, பிடிபியில் மூளையே இல்லை. தனி மூலக்கூறுதான் இருக்கிறது. திசுவில் இந்த ஏற்பி எங்கே அடர்த்தி, எங்கே குறைவு என்பதற்கு வேறு இடம் போக வேண்டும். உண்மையில் கதை ஆரம்பித்ததே திசுவில்தான். 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், உப்சாலாவில் லார்ஸ் டெரினியஸும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். பெர்ட்டும் ஸ்னைடரும் எலியின் மூளைத் திசுவை அரைத்து, கதிரியக்கம் ஏற்றிய நாலாக்சோனைக் கலந்து, வடிகட்டிக் கழுவிய பிறகு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று எண்ணினார்கள். வேலை செய்யும் ஓபியாய்டைச் சேர்த்தால் கதிரியக்கம் விலகுகிறது, அதன் கண்ணாடிப் பிம்பமான வேலை செய்யாத மூலக்கூறைச் சேர்த்தால் அசைவதில்லை. அணு எதையும் பார்க்காமலேயே குழியின் வடிவம் இடது வலது பார்க்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில், 1975-இல், ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். 4டிகேஎல் வர அதற்குப் பிறகு 37 ஆண்டுகள் ஆயின.

திசுப் படம் வேண்டுமென்றால் ஆலன் மூளை வரைபடம் என்ற இன்னொரு இலவசத் தளம் இருக்கிறது. எலி மூளையில் மியூ ஏற்பியின் மரபணுவைத் தேடினால் எந்தப் பகுதியின் செல்கள் அதை உற்பத்தி செய்கின்றன என்று வெட்டுத் துண்டு துண்டாகக் காட்டும். அதிலும் ஒரு கவனம் தேவை, அது காட்டுவது ஆர்என்ஏ, அதாவது செல்லின் உடல் இருக்கும் இடம். ஏற்பிப் புரதம் அங்கிருந்து நரம்பிழையின் நுனி வரை பயணம் போய் வேலை செய்வதுண்டு. ஆகவே படத்தில் ஆர்என்ஏ தெரியாத பகுதியில் மருந்து ஒட்டாது என்று அர்த்தமில்லை. இரண்டு தளங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் எங்கே, எப்படி என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும், நான் யாருக்குச் சொன்னாலும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

பயன்படுத்தும்போது சில விஷயங்கள். கைபேசியில் திறக்கும், ஆனால் சின்னத் திரையில் விரலால் ஒரு அணுவைத் தொட முயல்வது பொறுமையைச் சோதிக்கும், கணினியும் மவுஸும்தான் சரி. ஒவ்வொரு பதிவிலும் சிவப்பிலிருந்து நீலம் வரை ஓடும் தரக் கோடுகள் இருக்கும், நீலப் பக்கம் போகப் போக அமைப்பு நம்பகமானது. கிரையோ அமைப்புகள் பலவற்றில் நுணுக்கம் 3 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல், 6டிடிஎஃப் 3.5. அந்த அளவில் நீர் மூலக்கூறைத் தேடாதீர்கள், இல்லை என்பதால் அங்கே நீர் இல்லை என்று ஆகிவிடாது. 4டிகேஎல்லில் இரண்டு ஏற்பிகள் ஜோடியாக ஒட்டி நிற்பதும் படிகத்துக்குள் பார்த்தது, உயிருள்ள மூளையில் அப்படித்தான் நிற்கின்றன என்பதற்கு அது மட்டுமே சாட்சியாகாது.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 4டிகேஎல், 5சி1எம், 6டிடிஎஃப் மூன்றுமே சுண்டெலியின் ஏற்பி, 398 அமினோ அமிலம். மனித ஏற்பியில் 400. அதனால் சுண்டெலியின் ஆஸ்பார்ட்டேட் 147 மனிதரில் 149, லைசின் 233 அங்கே 235, ஹிஸ்டிடின் 297 அங்கே 299. ஒரு ஆய்வுக் கட்டுரையில் 149 என்று படித்துவிட்டு 4டிகேஎல்லில் 149-ஐத் தேடினால் வேறு ஏதோ ஒன்றில் போய் நிற்பீர்கள், இரண்டைக் கழித்துவிட்டுத் தேடுங்கள்.